வல்லைவெளியில் நிற்காத எஞ்சின்

என்னிடம் லைசன்ஸ் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் கார் ஓட்டும் பெண்கள் அத்தி பூத்தாற்போல்தான். உரும்பிராயிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் பழைய ஏ ஃபோர்ட்டிக் காரை நானே ஓட்டிக்கொண்டு போய் இறங்கும்போது, எங்கள் பள்ளி அதிபர் கூட வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார். நான் மனையியல் படிப்பிக்கிற ரீச்சர். "உங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒண்டுதான் குறை" என்று மற்ற ஆசிரியைகள் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அந்தப் பகிடி நன்றாகப் பிடிக்கும்.

பிறகு சண்டை வந்து, அரசாங்கத்தின் தடையால் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. சவர்க்காரம், பற்றறி, மெழுகுதிரி என்று வராத சாமான்கள் கூடிக்கொண்டே போயின. கார் கொட்டிலுக்குள் போனது. பின் சீற்றில் ஒரு கோழி அடைகிடந்து குஞ்சும் பொரித்தது. நானும் எல்லோரையும் போலச் சைக்கிளுக்கு மாறினேன். வாடகைக் கார்க்காரர் சிலர் மட்டும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதைக் காபுரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினைக் கிளப்பிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் தெருவை நிறைக்கும். கார் எங்கோ வருகிறது என்பது மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

அந்த நாட்களில்தான் என் மச்சாள் என்னுடன் இருக்க வந்தாள். என் தம்பியின் மனைவி; அவளுக்கும் நான் மச்சாள்தான். பருத்தித்துறைக் கடற்கரைக் குடும்பம். தம்பி விரும்பித்தான் கட்டினான். தோட்டம் செய்கிற எங்கள் சொந்தங்கள் கலியாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். தம்பி கப்பல் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு அவள் தாய் வீட்டில்தான் இருந்தாள். கடலில் இருந்து ஷெல் வந்து விழத் தொடங்கியதும் அவளுடைய தாயும் தகப்பனும் படகில் இந்தியாவுக்குப் போனார்கள். ஏழு மாத வயிற்றோடு அவளால் படகு ஏற முடியவில்லை. எனக்கும் அப்பா அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கலியாணம் செய்யவில்லை. ஆகவே அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவளைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்த விசயம், மற்றவர் ஓட்டும் வண்டியில் அவளுக்குக் கண் மூடாது என்பது. கலியாணம் முடிந்த புதிதில் நாங்கள் மூவரும் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தோம். பஸ் முழுக்கக் குறட்டை. அவள் மட்டும் முன் சீற்றில் நிமிர்ந்து இருந்து, சாரதியின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் பிறேக்கை மிதிக்கும்போது இவளுடைய கால் பஸ்ஸின் தகரத்தை மிதிக்கும். "கொஞ்சம் கண்ணை மூடுமன்" என்று நான் சொன்னதற்கு, "மூடினால் ஆர் பாக்கிறது?" என்றாள். பஸ்ஸையே தான்தான் சுமந்து போகிற எண்ணம் என்று நான் தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவளுடைய தகப்பனுக்கு இரண்டு படகும் மீன் ஏற்றும் லொறி ஒன்றும் இருந்தன. ஆண் பிள்ளை இல்லாத வீடு. சின்ன வயதிலேயே லொறியைக் கடற்கரையில் முன்னும் பின்னும் எடுத்துப் பழகியவள். லைசன்ஸ் கிடையாது. அதை நான் அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

எட்டாம் மாதம் தொடங்கியபோது, பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது என்று டொக்டர் சொன்னார். இப்படியே கிடந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், வீட்டில் பார்க்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதேயுங்கள், பிரசவ நோ தொடங்கியதும் தாமதிக்காமல் கொண்டு வாருங்கள் என்றார். அந்த மாதங்களில் வெட்டிப் பிள்ளை எடுக்கும் வசதி எங்களுக்கு எட்டக்கூடியதாகப் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. நடுவில் வல்லைவெளி. மரம் இல்லை, வீடு இல்லை, மழைக்காலத்தில் இருபுறமும் தண்ணீர். மேலே ஆமியின் ஹெலிகொப்ரர் வந்து சுட்டால் ஒதுங்க ஒரு பற்றைச் செடி கூடக் கிடையாது. மருதனார்மடத்தில் நின்ற வாடகைக் கார்க்காரரைக் கேட்டேன். "ரீச்சர், நோ நாள் பாத்தோ வரும்? நான் அண்டைக்கு எங்கை நிப்பனோ" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து, "நான் கொண்டுபோறன், எனக்கு லைசன்ஸ் இருக்கு" என்றேன்.

மச்சாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தாள். "ஓம், லைசன்ஸ் இருக்கு. கார் ஓடத் தெரியுமோ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நான் இவ்வளவு காலமும் ஓடினது மாட்டுவண்டியோ?"

"அது பெற்றோல் மச்சாள். பெற்றோல் ஆர் ஓடினாலும் ஓடும். மண்ணெண்ணை உங்களைப் பாத்துத்தான் ஓடும்."

கோழியை இறக்கினோம். கார்க்காரரிடம் கெஞ்சி, மண்ணெண்ணெய்க்குத் தேவையான சின்னத் தாங்கியையும் குழாயையும் பூட்டுவித்தோம். சின்னப் போத்தலில் பெற்றோலும் தந்தார். முதல் நாள் எஞ்சினைக் கிளப்பி, நான் ராணி மாதிரி இருந்து, வாசல் படலை வரைக்கும் வந்தேன். அங்கே ஒரு சைக்கிள்காரர் குறுக்கே போனார். பிறேக்கை மிதித்தேன். எஞ்சின் குக்குக் என்று இருமி நின்றது. திரும்பக் கிளப்பப் பெற்றோல் விட்டோம். தெருவில் ஏறி, பள்ளம் ஒன்றுக்காக மெதுவாக்கினேன். மறுபடியும் நின்றது. படலைக்கும் தெருவிலிருந்த மதகுக்கும் இடையில் போத்தல் முக்கால்வாசி காலி. காரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரும்போது நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் அவள் சொன்னதுதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டையாகியது. எனக்கு அவள் கார் பழக்க வேண்டுமாம். நாளுக்கு நாள். இருக்கிற மண்ணெண்ணெயில்.

"உமக்கென்ன விசரோ? இருக்கிறது அந்த ஒரு பெரிய கலன் மண்ணெண்ணை. அதை அண்டைக்குப் போறதுக்கு வைக்காமல், கிரவுண்டைச் சுத்தி எரிக்கிறதோ?"

"அண்டைக்கு மண்ணெண்ணை இருந்து, அது வல்லைவெளியிலை நிண்டால்? கலனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுறதோ?"

நான் கோபத்தோடு குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினேன். துருவத் துருவ அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. எரிச்சல்தான் கூடியது. ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு தேவையோ அதைத் தனியாக அடைத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பழகுவதற்கு என்று ஒதுக்கினேன். கார்க்காரரிடம் இன்னும் சில சின்னப் போத்தல் பெற்றோலும் வாங்கினேன். வீட்டில் ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த விளக்கை அன்று முதல் கொளுத்தவில்லை. பொழுது பட முன்னே சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். லைசன்ஸ் எடுத்து இத்தனை வருடத்துக்குப் பிறகு, லைசன்ஸ் இல்லாத ஒருத்தியிடம் கார் பழக ஒப்புக்கொண்டேன்.

முதல் பாடத்துக்குக் காரை எடுக்கவே இல்லை. கொட்டிலில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னாள். எனக்குக் கேட்டது இரைச்சல். அவளுக்குக் கேட்டது வேறு. "இப்ப கேளுங்கோ, குளிருது அதுக்கு" என்பாள். "இப்ப சரி." "இப்ப அளவுக்கு மிஞ்சிக் குடிக்குது." ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எஞ்சின் இருமும், அவள் அதற்கு முன்பே சொல்லியிருப்பாள். அவர்களுடைய படகு மெசின் எப்போதும் மண்ணெண்ணெயில்தான் ஓடியதாம். பெற்றோலில் கிளப்பி, கரை தாண்ட முன்னே மாற்றுவார்களாம். கடலுக்குள் போய் நின்றால் இறங்கித் தள்ள முடியாது என்பதால் சின்ன வயதிலிருந்தே காது அதில்தான் இருந்ததாம். நாங்கள் இப்போதுதான் கண்டுபிடித்ததாக நினைத்த விசயத்தை அந்தக் கரை ஆட்கள் எவ்வளவு காலமாகச் செய்து வந்திருக்கிறார்கள் என்று நினைக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. மண்ணெண்ணெய் அடுப்பு சூடேற முன் மஞ்சளாகப் புகைந்து, சூடேறியதும் நீலமாக எரியும் என்று நான்தானே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். எஞ்சினும் அந்த அடுப்புத்தான் என்று எண்ணிக் கேட்டேன்.

அடுத்தது செருப்பு. "கழட்டுங்கோ" என்றாள். வலது காலின் குதியை அக்சிலேற்றரில் வைத்து, அதே காலின் பெருவிரல் பக்கத்தால் பிறேக்கை அழுத்தச் சொன்னாள். ஒரே காலால் நிறுத்தவும் வேண்டும், எஞ்சினை உயிரோடு வைத்திருக்கவும் வேண்டும். என் கால் அப்படி மடங்காது என்றேன். அவள் என்னை எழுப்பிவிட்டு, அந்த வயிற்றை ஸ்ரியரிங்குக்குப் பின்னால் நுழைத்து இருந்து காட்டினாள். கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்து தூணுக்கு முன்னால் நின்றது. எஞ்சின் ஒரே சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் கொட்டிலில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் நான் ஓட்டியது காரை இல்லை, கார்தான் என்னை இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

பிறகு முதலாம் கியர். எங்கள் ஏ ஃபோர்ட்டியில் வண்டி உருளும்போது முதலாம் கியருக்கு இறக்கினால் பல் கடிக்கும். நான் எப்போதும் முழுதாக நிறுத்திவிட்டுத்தான் போடுவேன். அவள் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஒரு சின்ன மிதி அக்சிலேற்றருக்குக் கொடுத்து, சத்தம் ஒத்துவரும் இடத்தில் கியரைத் தள்ளச் சொன்னாள். நான் கடித்த கடியில் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "பல்லெல்லாம் கொட்டப்போகுது ரீச்சர்!" என்று கத்தினார். "உங்கடை பல்லைப் பாருங்கோ!" என்று நானும் கத்தினேன். மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு நாள் கியர் வெண்ணெய்க்குள் கத்தி போனது போல இறங்கியது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

மழை தொடங்கியது. செம்மண் குழைந்து கிடந்த பள்ளிக்கூடக் கிரவுண்டில் அவள் குடையோடு ஓரத்தில் நின்றாள். என்னை ஓட்டி வரச்சொல்லி, நடுவில் சட்டென்று வளைக்கச் சொன்னாள். வளைத்தேன். காரின் பின்பக்கம் என்னை விட்டுவிட்டுத் தன்பாட்டில் போயிற்று. என் உயிரும் அதோடு போயிற்று. பிறேக்கை மிதித்தேன், கார் முழுச் சுற்றும் சுற்றி எஞ்சின் நின்றது. அவள் குடைக்குள்ளிருந்து கத்தினாள்.

"பிறேக்கைத் தொடாதேங்கோ! பின்பக்கம் எங்கை போகுதோ, நீங்களும் அங்கை திருப்புங்கோ! அதோடை சண்டை பிடியாதேங்கோ!"

சண்டை பிடிக்காமல் இருப்பது என் சுபாவத்திலேயே இல்லாத விசயம். ஆனாலும் திரும்பத் திரும்பச் செய்தேன். எத்தனையாவது தரமோ தெரியாது, பின்பக்கம் வழுக்கியபோது என் கை தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. கால் ஒன்றையும் தொடவில்லை. ஒரு கணம் கார் எதிலும் ஒட்டாமல் மிதந்தது. பிறகு மெல்ல, தானாக, நேரே வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மழை கண்ணாடியில் விழுகிற சத்தமும் எஞ்சின் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. எனக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு விசயம் இந்த உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். கிரவுண்டின் ஓரத்தில் அவள் குடையைக் கீழே விட்டுவிட்டுக் கை தட்டிக்கொண்டு நனைந்தாள். "தடிமன் பிடிக்கப்போகுது, குடையைத் தூக்கும்!" என்று நான் ஏசினேன்.

கடைசிச் சோதனை மருதனார்மடம் சந்தை. காலைச் சந்தைக்குள் வாழைக்குலை கட்டிய சைக்கிள்களும் கீரைக் கட்டுகளும் வண்டில்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகும். அதற்குள்ளால் எஞ்சின் நிற்காமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும். போனேன். ஆமை வேகத்தில், முதலாம் கியரில், வெறுங்காலோடு. "விலகுங்கோ, புகைக்கப்பல் வருது!" என்று ஒரு கத்தரிக்காய்க்காரி கத்தினாள். சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியது. சந்தை தாண்டியதும் பக்கத்துச் சீற்றில் இருந்த மச்சாளைத் திரும்பிப் பார்த்தேன். புகழ்ந்து ஏதும் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளுடைய வலது கால் அப்போதும் தரையை மிதித்துக்கொண்டுதான் இருந்தது.

எங்களுக்குள் ஒத்துவராமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று, வல்லை முனியப்பர். அந்த வெளியில் இருக்கிற முனியப்பருக்கு நிறுத்தி, இறங்கி, கற்பூரம் கொளுத்தி, ஒரு சில்லறையாவது போடாமல் எங்கள் ஊரில் எந்த வண்டியும் தாண்டிப் போகாது. நிற்காமல் போனவர்களின் ரயர் வெடித்த கதை, கார் தண்ணீருக்குள் இறங்கிய கதை எல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். அப்பா இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து ஒரு தரம்கூட நிற்காமல் போனதில்லை.

"நிப்பாட்டக் கூடாது" என்றாள் மச்சாள். "எஞ்சின் நிக்கிறதுக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. முதலாம் கியரிலை உருட்டிக்கொண்டு போங்கோ. நான் உள்ளுக்கிருந்து சில்லறையை எறிவன். அவருக்கு விளங்கும்."

"உமக்கு விளங்கிறதெல்லாம் முனியப்பருக்கும் விளங்குமோ?"

"எங்கடை ஐயாவின்ரை லொறி அவருக்கு நிக்காத நாள் இல்லை. என்னை அவருக்குத் தெரியும்."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. அவள் அதைக் கண்டாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நோ தொடங்கியது ஒரு காலை. அதற்குச் சற்று முன்தான் பொம்மர் பிளேன் வந்து கோப்பாய்ப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் கோயிலுக்கு ஓடிவிட்டார்கள். கூட வர ஒருவரும் இல்லை. அவளைப் பின் சீற்றில் தலையணை போட்டுக் கிடத்தினேன். போத்தலில் மிஞ்சிய பெற்றோல் ஒரே ஒரு தரம் கிளப்பத்தான் போதும். இரண்டு பேருக்கும் அது தெரியும். கடைசிச் சொட்டையும் விட்டேன். எஞ்சின் பிடித்தது. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படலையைத் தாண்டினேன்.

கோப்பாயில் தெருவின் நடுவில் புதிதாக ஒரு குண்டுப் பள்ளம். விளிம்பில் மண் குழைந்து கிடந்தது. பின்பக்கம் வழுக்கியது. கை தானாகத் திரும்பியது, கார் நேரே வந்தது. அதைப் பற்றி யோசிக்கவும் நேரம் இருக்கவில்லை. நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால். நோ வரும்போது மச்சாள் சீற்றின் துணியைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்கும். நோ போனதும் "சரி, சரி, ஓடுங்கோ" என்பாள்.

வல்லைவெளி திறந்தது. காற்று பக்கவாட்டில் வந்து காரை அறைந்தது. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத் தண்ணீர், மேலே அதே நிறத்தில் வானம். தெரு மட்டும் நடுவில் ஒரு கயிறு போலக் கிடந்தது. அந்த வெளியை நான் எத்தனையோ தரம் தாண்டியிருக்கிறேன். அவ்வளவு பெரிதாக அதை ஒருநாளும் கண்டதில்லை. முனியப்பர் கோயில் தெரிந்தது. நிற்காமல் உருட்டத் தயாரானேன். அக்சிலேற்றரில் என் கால் ஒரு நிலையில் நிற்காமல் எஞ்சின் சத்தம் ஏறி இறங்கியது. அப்பா, மன்னித்துக்கொள்ளும், முனியப்பரே, மன்னித்துக்கொள்ளும் என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

"மச்சாள், நிப்பாட்டுங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீர்தானே நிக்கக் கூடாது எண்டனீர்?"

"நிப்பாட்டுங்கோ எண்டெல்லோ சொல்லுறன்!"

கிளச் இரண்டு தரம், முதலாம் கியர். குதியை அக்சிலேற்றரில் வைத்து, விரலால் பிறேக்கை அழுத்தினேன். கார் முனியப்பருக்கு முன்னால் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. பின்னால் கண்ணாடியை இறக்கும் சத்தம் கேட்டது. சில்லறை சீமெந்துத் தரையில் கிலுங்கி உருண்டது. நான் ஒரு கையால் நெஞ்சில் தொட்டுக் கும்பிட்டேன். அந்த நேரத்தில் எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. குளிருது அதுக்கு. குதியை ஒரு மயிரிழை அழுத்தினேன். இருமப்போனது, இருமாமல் திரும்பியது. "போவம்" என்றாள். நகர்ந்தோம்.

என் காலின் தடுமாற்றம் நின்றிருந்தது. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

பிறகுதான் ஹெலியின் சத்தம் கேட்டது. தூரத்தில், தொண்டைமானாற்றுப் பக்கமாக. அக்சிலேற்றரை ஓங்கி மிதித்துப் பறக்கத்தான் கால் சொன்னது. ஓங்கி மிதித்தால் மண்ணெண்ணெய் அளவுக்கு மிஞ்சி எஞ்சின் நின்றுவிடும். ஒரே வேகத்தில், ஒரே சத்தத்தில் போனேன். காற்று தள்ளிய இடத்தில் விட்டுக்கொடுத்து, விட்ட இடத்தில் பிடித்தேன். ஹெலி வந்தது, தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தது. அதன் நிழல் தண்ணீரில் ஓடியதைக் கண்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சின்னவளாகவும் அவ்வளவு உறுதியாகவும் இருந்தது அந்த ஒரு தரம்தான். அது கடலை நோக்கித் திரும்பிப் போனது.

"ஹெலி போயிட்டுது மச்சாள்" என்றேன்.

பதில் இல்லை.

"மச்சாள்!"

கண்ணாடியில் தலையணையின் ஓரம் மட்டும் தெரிந்தது. நோவின் சத்தமும் இல்லை. சீற்றை இழுக்கும் சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தால் கார் தண்ணீருக்குள் இறங்கும். நிறுத்திப் பார்த்தால் மறுபடி கிளப்பப் பெற்றோல் இல்லை. அவள் செத்துப்போனாள் என்று நினைத்தேன். தம்பிக்கு என்ன சொல்வேன் என்று நினைத்தேன். எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. எஞ்சின் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நெல்லியடி தாண்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். அன்று அந்த எஞ்சின் நின்றது அந்த ஒரே தடவைதான். அந்த அமைதிக்குள் பின்னால் யாரோ திடுக்கிட்டு எழும்பினார்கள்.

"ஐயோ, நிண்டிட்டுதோ?"

திரும்பிப் பார்த்தேன். மச்சாள் தலைமயிர் கலைந்து, கன்னத்தில் தலையணையின் மடிப்புப் பதிந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லை. வந்திட்டம்" என்றேன்.

அடுத்த நோ வந்தது, தள்ளுவண்டி வந்தது, அவளைக் கொண்டு போனார்கள். பின்னேரம் பெண் பிள்ளை. வெட்டித்தான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம் என்று நேர்ஸ் மிஸ்ஸி வந்து சொன்னபோது நான் இன்னும் செருப்புப் போடவில்லை என்பதைக் கவனித்தேன்.

மறுநாள் அவளுக்குக் கதைக்கிற தெம்பு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி பிள்ளையைப் பற்றியதல்ல. "ஏன் முனியப்பரிலை நிப்பாட்டச் சொன்னீர்? நீர்தானே கூடாது எண்டு தலைகீழாய் நிண்டனீர்?"

"நிக்காமல் வந்திருந்தால் நீங்கள் வெளி முழுக்க அவரைத்தான் நினைச்சுக்கொண்டு ஓடியிருப்பியள். உங்கடை கால் தடுமாறினது எஞ்சின் சத்தத்திலையே தெரிஞ்சுது. பயத்தோடை அந்தக் காத்துக்குள்ளை போகேலாது. அதுதான், கும்பிட்டிட்டுப் போகட்டும் எண்டு நினைச்சன்."

அந்த நோவுக்குள் கிடந்துகொண்டு அவள் எனக்குப் பழக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். என்ன மனுசி இவள் என்று மலைத்துப்போய் அவளைப் பார்த்தேன். உடனே எனக்குக் கோபமும் வந்தது.

"நல்ல கதை! அங்கை எஞ்சின் நிண்டுபோயிருந்தால்?"

மச்சாள் பிள்ளையின் துணியை இழுத்துச் சரி செய்தாள். பிறகு, இது என்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள்.

"நிண்டுபோகும் எண்டு நினைச்சிருந்தால், நான் நித்திரை கொண்டிருப்பனோ மச்சாள்?"

நான் வெளியே போய்க் காருக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.